பாறுகள் ஏன் செத்தன? பரத்பூரிலிருந்து மாயாறு வரை ஒரு நிகழ்வு ஆய்வு

353. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், 1980களில் கூடு கட்டியிருந்த வெண்முதுகுப் பாறு ஜோடிகளின் எண்ணிக்கை இது. எண்ணியவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ். பாறுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் அங்கே போகவில்லை. அன்றைக்கு அவற்றைக் காப்பாற்ற வேண்டிய தேவை எதுவும் கிடையாது. பூங்காவில் வாழும் இரைதேர் பறவைகளைப் படிக்கப் போனவர், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் போல இவற்றையும் எண்ணிக் குறித்து வைத்தார்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் குறிப்புதான். உலகிலேயே அதிக எண்ணிக்கையில் வாழும் பெரிய இரைதேர் பறவை இதுவாக இருக்கலாம் என்று கருதப்பட்ட காலம் அது. ஊர்ப்புறத்தில் செத்த மாட்டைத் தோலுரித்துப் போட்டால் போதும், அரை மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். அப்படிப்பட்ட பறவையை எண்ணுவது காக்கையை எண்ணுவது மாதிரி. வேலையற்ற வேலை என்று யாராவது சொல்லியிருந்தால்கூடத் தப்பாக நினைக்க முடியாது.

பெயர் விஷயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ‘பிணந்தின்னிக் கழுகு’ என்றுதான் நம்மில் பலரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். கழுகு உயிருள்ள இரையை வேட்டையாடும். இது செத்ததைத் தின்னும். இரண்டும் வேறு வேறு. பழந்தமிழில் இதற்குப் ‘பாறு’ என்ற நல்ல பெயர் இருக்கிறது, போர்க்களப் பாடல்களில் வரும். இன்று தமிழ்நாட்டில் இந்தப் பறவைக்காக வேலை செய்பவர்களும் அப்படியே சொல்கிறார்கள். நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

திரும்பிப் போனபோது

1996-ல் பிரகாஷ் மறுபடி அதே பூங்காவில் எண்ணினார். முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. குறைந்ததைவிட அவரைக் கலங்க வைத்தது மிச்சமிருந்தவற்றின் நிலை. கழுத்து தொங்க, தலை நெஞ்சுவரை கவிழ, நாள் கணக்கில் கிளையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. மரத்தடியில் செத்துக் கிடந்தன, கிளையில் சிக்கித் தொங்கின, கூட்டிலேயே கிடந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பரத்பூரில் வெண்முதுகுப் பாறு ஒன்றுகூட இனப்பெருக்கம் செய்யவில்லை.

உணவு குறைந்திருக்கும் என்று யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பூங்காவைச் சுற்றிய ஊர்களில் செத்த மாடுகள் தின்ன ஆளில்லாமல் அழுகிக் கிடந்தன. விருந்து அப்படியே இருக்கிறது, விருந்தாளிகள்தான் வரவில்லை.

ஒரு பூங்காவில் குறைந்தால் அதற்கு உள்ளூர்க் காரணம் ஆயிரம் இருக்கலாம். நாடு முழுக்க இதே கதையா என்று பார்த்தாக வேண்டும். இந்த இடத்திலும் ஒரு பழைய கணக்குதான் கைகொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் சங்கத்தின் ஆய்வாளர்கள் இரைதேர் பறவைகளுக்காக வட இந்தியா, நடு இந்தியா எங்கும் சாலைவழிக் கணக்கெடுப்பு நடத்தியிருந்தார்கள். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு, சாலையின் இரு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரியும் பறவைகளை எண்ணுவதுதான் முறை. 2000-ல் அதே சாலைகளில் அதே முறையில் மறுபடி போனார்கள். வெண்முதுகுப் பாறுகள் 90 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயிருந்தன. நீண்ட அலகுடைய கருங்கழுத்துப் பாறுகளிலும் கிட்டத்தட்ட அதே சரிவு. அந்த ஆண்டே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தெற்காசியாவின் பாறு வகைகளில் சிலவற்றை ‘மிக அருகிவிட்டவை’ பட்டியலில் சேர்த்தது.

அப்புறமும் 2002, 2003, 2007 என்று அதே சாலைகளில் எண்ணினார்கள். 2007-ல் வெண்முதுகுப் பாறுகளின் சரிவு 99.9 சதவீதம். ஆண்டுக்குச் சுமார் 44 சதவீதம் என்ற வேகம். காகிதத்தில் இது ஒரு வெறும் எண். போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்: ஆயிரம் பறவைகள் ஐந்தே ஆண்டில் 55 ஆகும், பத்தாண்டில் மூன்று.

தப்பான ஆளைத் தேடிய ஆண்டுகள்

காரணம் தேடியவர்கள் முதலில் நோய்க்கிருமி ஒன்றைத்தான் சந்தேகித்தார்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு புது வைரஸ் என்று. இதை முட்டாள்தனம் என்று இன்றைக்குச் சொல்லிவிடுவது எளிது. அன்றைய தடயங்கள் அந்தப் பக்கம்தான் கை காட்டின. சரிவு ஒரு மாநிலத்தில் நிற்காமல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் என்று பரவியிருந்தது. செத்தவற்றில் முதிர்ந்தவையும் இருந்தன, இளையவையும் இருந்தன. பூச்சிக்கொல்லி என்று பார்த்தால், அது வழக்கமாக முட்டையோட்டை மெலிதாக்கி இனப்பெருக்கத்தைக் கெடுக்கும். இங்கே வளர்ந்த பறவைகளே விழுந்தன. சோர்ந்து தலை தொங்குவதும் நோய் மாதிரிதான் இருந்தது.

செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது பலவற்றில் ஒரே காட்சி. இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலம். நாம் சிறுநீரில் யூரியாவாக வெளியேற்றுவதைப் பறவைகள் யூரிக் அமிலமாக வெளியேற்றும். சிறுநீரகம் செயலிழந்தால் அது ரத்தத்தில் தேங்கி உறுப்புகளின் மேல் படிகமாகப் படியும். மருத்துவர்கள் இதை உள்ளுறுப்புக் கவுட் என்கிறார்கள். ஆக, சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தன என்பது தெரிந்துவிட்டது. எது கெடுத்தது என்பது தெரியவில்லை.

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது பாகிஸ்தானில். பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமெரிக்க அமைப்பும் பாகிஸ்தான் பறவையியல் சங்கமும் சேர்ந்து 2000 முதல் பஞ்சாப் மாகாணத்தில் தோலேவாலா, சாங்கா மாங்கா, டோவாலா ஆகிய மூன்று இடங்களில் இருந்த பாறுக் குடியிருப்புகளைத் தொடர்ந்து கவனித்தன. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயியல் வல்லுநர் லின்ட்சே ஓக்ஸ் ஆய்வகப் பகுதியைக் கவனித்துக்கொண்டார். குழு பரிசோதித்த 259 பறவைகளில் 219-க்குக் கவுட், அதாவது 85 சதவீதம்.

ஓக்ஸ் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். தெரிந்த வைரஸ்கள், பாக்டீரியா, காட்மியம், பாதரசம், பூச்சிமருந்துகள், சத்துக் குறைபாடு எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, எதுவும் பொருந்தவில்லை. பிறகு குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. இந்தப் பறவை என்ன தின்கிறது? செத்த மாட்டை. மாட்டின் உடம்பில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய்க் கேட்டார்கள்: மாட்டுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள், அவற்றில் வாய்வழி போனாலும் உடம்பில் ஏறக்கூடியது எது, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது?

மிஞ்சியது ஒரே பெயர், டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் அதே மாத்திரை, அதே ஊசி. 1970களில் மனிதர்களுக்காக வந்த மருந்து. காப்புரிமை தீர்ந்து விலை இறங்கியதும் 1990களில் தெற்காசியக் கால்நடை மருத்துவத்தில் புகுந்தது. நொண்டும் மாடு, மடிவீக்கம், கன்று ஈன்றபின் எழ முடியாமல் கிடக்கும் எருமை, எதுவானாலும் ஒரு வலி ஊசி போட்டுவிடுவார்கள். நம் ஊரில் மாட்டை அடிமாடாக அனுப்ப மனம் வராதவர்கள், சாகப்போகும் மாட்டுக்கும் வலி தெரியாமல் போகட்டும் என்று ஊசி போட்டார்கள். இரக்கத்தால் போட்ட ஊசி! மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு சாகும், பாறுகள் வந்து இறங்கும்.

சந்தேகத்தை நிரூபித்த விதத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் வைக்கலாம். கவுட் இருந்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள், 25-லும் டைக்ளோஃபெனாக். கவுட் இல்லாமல் வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. இவ்வளவு துல்லியமான பிளவு களஆய்வில் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆனாலும் இது தொடர்புதான், காரணம் ஆகாது. அடுத்து, காயம்பட்டு மீண்டும் காட்டில் விட முடியாத நிலையில் இருந்த பறவைகளுக்கு மருந்தை நேரடியாகக் கொடுத்தார்கள், கூடுதல் அளவு வாங்கியவை இரண்டு மூன்று நாட்களில் கவுட்டுடன் செத்தன. கடைசியாக, மருந்து கொடுத்த எருமை, ஆடுகளின் இறைச்சியை 20 பறவைகளுக்குப் போட்டார்கள். 13 செத்தன. ஊசியிலிருந்து இறைச்சிக்கு, இறைச்சியிலிருந்து பறவைக்கு என்ற வழி இதோடு உறுதியானது.

2003 மே மாதம் புடாபெஸ்ட்டில் நடந்த இரைதேர் பறவைகள் மாநாட்டில் ஓக்ஸ் இதை அறிவித்தார். 2004 தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. வைரஸ் கட்சியில் இருந்தவர்கள் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். பம்பாய் சங்கமும் அதன் பிரிட்டிஷ் கூட்டாளிகளும் இந்தியா, நேபாளப் பறவைகளின் மாதிரிகளைச் சோதித்து, இங்கேயும் அதேதான் என்று அடுத்த சில மாதங்களிலேயே வெளியிட்டார்கள்.

இவ்வளவு கொஞ்சம் போதுமா?

ஒரு நியாயமான சந்தேகம் மிஞ்சியிருந்தது. இந்தியாவில் கோடிக்கணக்கான மாடுகள். எல்லாவற்றுக்கும் ஊசி போடுவதில்லை, போட்டவை எல்லாம் உடனே சாவதுமில்லை. அப்படியிருக்க ஒரு மருந்து மட்டுமே ஒரு துணைக்கண்டத்துப் பாறுகளை அழிக்க முடியுமா?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரீஸ் கிரீன் இதைக் கணக்காகப் போட்டார். அவர் கண்ட விடை பலரையும் திடுக்கிட வைத்தது. 130 சடலங்களுக்கு ஒன்று, இன்னும் குறைவாக 760-க்கு ஒன்று நஞ்சாக இருந்தாலே கண்ட சரிவு முழுவதையும் விளக்கிவிடலாம். காரணம் பாறின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. ஒரு சடலத்தை ஒரு பறவை தின்பதில்லை. ஒன்று வட்டமிட்டு இறங்குவதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று என்று பல கிலோமீட்டர் தூரத்திலிருந்து கூட்டமே வந்துவிடும். ஒரு மாட்டின் ஊசி டஜன் கணக்கில் கொல்லும். ஒரு பறவை ஆண்டு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சாப்பாடு சாப்பிடும், ஒவ்வொன்றும் ஒரு சீட்டுக் குலுக்கல். அதோடு ஆண்டுக்கு ஒரே முட்டை, பருவமடைய ஐந்து ஆண்டு. நீண்ட நாள் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் இனத்தில் பெரிய பறவைகள் கொஞ்சம் கூடுதலாகச் செத்தாலே அடித்தளம் ஆடிவிடும்.

சடலக் கிடங்குகளிலிருந்து கால்நடை ஈரல் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது சுமார் பத்தில் ஒன்றில் டைக்ளோஃபெனாக் இருந்தது. அவற்றில் எல்லாமே சாகடிக்கும் அளவில்லை. ஆனாலும் கிரீன் சொன்ன அளவைத் தாண்ட அது தாராளமாகப் போதும்.

அதே சடலத்தைத் தின்ற நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவின் டர்க்கிப் பாறுக்கு நூறு மடங்குக்கும் மேல் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் தாங்கிக்கொண்டது. ஆந்த்ராக்ஸ் கிருமியையே செரிக்கும் நம் ஊர்ப் பாறின் வயிறு ஒரு வலி மாத்திரையில் தோற்றதை என்னால் இன்றும் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தடையும் அதன் ஓட்டைகளும்

தடை செய் என்றால் மாட்டுக்காரர் சும்மா இருப்பாரா? மாற்று வேண்டும். மெலாக்சிகாம் என்ற மருந்தை முதலில் ஆப்பிரிக்காவின் நெருங்கிய உறவினப் பாறுகளிடமும், பிறகு நம் பாறுகளிடமும் சோதித்து, பாதிப்பில்லை என்று 2006-ல் வெளியிட்டார்கள். அந்த ஆண்டே இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை நிறுத்தின. காரணம் கண்டு மூன்றே ஆண்டில் மூன்று அரசுகள் நடவடிக்கை எடுத்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் மனிதர்களுக்கான மருந்து கடையில் இருந்தது. மனிதருக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும், சந்தையிலோ 30 மில்லி குப்பி கிடைத்தது. அத்தனை பெரிய குப்பி யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். 2007 முதல் 2010 வரை 11 மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட கடைகளில், மாட்டுக்கு வலி மருந்து வேண்டும் என்று வாடிக்கையாளர் போலப் போய்க் கேட்டார்கள். 36 சதவீதக் கடைகளில் டைக்ளோஃபெனாக் கிடைத்தது. நல்ல செய்தியும் உண்டு, 70 சதவீதக் கடைகளில் மெலாக்சிகாமும் இருந்தது.

2015-ல் மத்திய அரசு மனிதருக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி ஒற்றை வேளைக் குப்பியில்தான் விற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்தியப் பாறுகளின் வரலாற்றில் சென்னைக்கும் இப்படி ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒன்றை மூடினால் இன்னொன்று திறக்கிறது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்லும். இவ்விரண்டையும் கால்நடைக்குத் தடை செய்ய 2023 வரை ஆனது. நிமெசுலைடுக்கு 2024-ன் கடைசி. பறவைக்கு ஆகுமா என்று சோதித்துவிட்டுச் சந்தைக்கு விடுவதற்குப் பதிலாக, விட்டுவிட்டுச் சாவை எண்ணும் முறைதான் இன்னும் நடக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

பலன் இல்லாமல் இல்லை. தடைக்குப் பிறகு சடலங்களில் டைக்ளோஃபெனாக் கலப்பு பாதியளவு குறைந்தது, சாலைக் கணக்கெடுப்பில் செங்குத்துச் சரிவும் நின்றது. ஆனால் மேலே ஏறவில்லை. 2015 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வெண்முதுகுப் பாறு சுமார் 6,000, கருங்கழுத்துப் பாறு 12,000, இமயமலை அடிவாரத்து மெல்லலகுப் பாறு 1,000. ஹரியானாவின் பிஞ்சோரில் தொடங்கிய இனப்பெருக்க மையங்களில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விடும் வேலையும் நடக்கிறது. ஊசி நிற்காத ஊரில் விட்டால் அதுவும் வீண்தான்.

பாறு போனதால் மனிதருக்கு என்ன ஆனது என்பதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். பொருளியலாளர்கள் இயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்களையும் மற்றவற்றையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் கூடுதல் மரணங்கள் என்று மதிப்பிட்டார்கள். அழுகும் சடலம், கெட்ட தண்ணீர், பெருகிய தெருநாய், வெறிநாய்க்கடி. இது மதிப்பீடு, தலைகளை எண்ணிச் சொன்னதல்ல. ஆனாலும் மும்பையின் பார்சிகள், இறந்தவர்களின் உடலைப் பாறுகள் தின்ன வைக்கும் மௌன கோபுரத்தில் பாறு வராமல் தவித்ததை நினைத்தால் பறவையின் வேலை எவ்வளவு பெரியது என்று எந்த மதிப்பீடும் இல்லாமலே புரியும்.

மாயாற்றின் நீர்மருது மரங்கள்

தமிழ்நாட்டில் இந்தச் சரிவை யாரும் முறையாக எண்ணவில்லை. நமக்கு ஒரு பரத்பூர் கிடையாது. இருப்பது நினைவு மட்டும். திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் குருக்கள் வைக்கும் சோற்றுக்கு வந்துபோன இரண்டு ‘கழுகுகள்’ உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள். 1990களில் வருவது நின்றது. கலியுகம் என்றார்கள், தெய்வக்குற்றம் என்றார்கள். அவை நின்ற காரணம் இதே ஊசிதானா என்று அடித்துச் சொல்ல முடியாது. முந்தைய எண் இல்லாத இடத்தில் பிந்தைய எண்ணுக்கும் பொருள் குறைவு.

இன்று விந்தியத்துக்குத் தெற்கே வெண்முதுகுப் பாறுகள் அதிகம் கூடு கட்டும் இடம் நீலகிரியின் வடக்குச் சரிவில், முதுமலை ஒட்டிய சிகூர் பீடபூமியும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும். ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு, பாறை இடுக்கில் கருங்கழுத்துப் பாறு. கூடவே செந்தலைப் பாறும் உண்டு. இங்கே தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் ஓரளவு ஊகிக்கலாம்: புலியும் செந்நாயும் வேட்டையாடி மிச்சம் வைக்கும் மானும் காட்டெருமையும் ஊசி போட்டுக்கொள்வதில்லை.

ஆபத்து வேறு வடிவில் வருகிறது. புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் யாரோ நஞ்சைத் தெளித்தால், புலிக்கு முன்னால் பாறு சாகும். காட்டில் செத்த யானையைப் புதைத்துவிட்டால் பாறுகளுக்குப் பல நாள் சாப்பாடு மண்ணுக்குள் போகிறது. அப்படியே விடுங்கள் என்பது இங்குள்ள ஆர்வலர்களின் நெடுநாள் கோரிக்கை.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து ஒரே நாட்களில் எண்ணும் முறை 2023-ல் தொடங்கியது. பாறு ஒரே நாளில் மாநிலம் தாண்டிப் பறக்கும். தனித்தனியாக எண்ணினால் முதுமலையில் பார்த்ததையே வயநாட்டிலும் பந்திப்பூரிலும் எழுதிக்கொள்வோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் 246 என்று வந்தது, டிசம்பரில் 320. பத்து மாதத்தில் 74 கூடிவிட்டது என்று செய்தி போடத் தோன்றும். ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை அப்படிப் பெருகாது. பருவம், எண்ணிய இடங்கள், எண்ணியவர்களின் பழக்கம் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கும். பத்து ஆண்டு இதே இடங்களில், இதே முறையில் எண்ணினால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும்.

அதனால் இப்போதைக்கு நான் மொத்தத்தைப் பார்ப்பதில்லை. முதிர்ந்ததா, இளம்பறவையா என்று வயதைக் குறித்துவைக்கும் கட்டத்தைத்தான் தேடுகிறேன். முதுகில் இன்னும் வெள்ளை ஏறாத பழுப்பு நிற இளம்பறவைகள் எத்தனை, மாயாற்று மருத மரங்களில் முட்டையிட்ட கூடுகளில் குஞ்சு பறந்த கூடு எத்தனை என்று.